கணினி கேள்வி பதில்: மாறும் முன் செய்ய வேண்டியது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு ஆகிய ஊர்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குறிப்புகள் எழுதிவருகிறேன். அவை அனைத்தும் பாமினி எழுத்துருவில் உள்ளன. விண்டோஸ் 10 இயங்கும் என் மடிக்கணினி 4 ஜிபி நினைவகம் கொண்டது; அதில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் கூறிவிட்டார். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயக்க அமைப்புக்கு மாறிவிடுங்கள் என்கிறாள் மகள். தேவைக்கு மேல் ஒரு மென்பொருள்கூடக் கணினியில் இருக்கக் கூடாது என்பது என் விருப்பம். எவற்றை நிறுவ வேண்டும்?
- வாசகர், மேலூர்

பதில்: ஐயா, நீங்கள் புதிதாக நிறுவ வேண்டியது ஏறத்தாழ ஒன்றே ஒன்றுதான். ஆனால் விண்டோஸை அழிப்பதற்கு முன் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதுதான் பெரியது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், மாறுவது என்ற முடிவு சரியானதே. விண்டோஸ் 11-க்கும் 4 ஜிபி நினைவகமே குறைந்தபட்சத் தேவை; பழைய கணினிகளில் பெரும்பாலும் தடையாக இருப்பவை செயலியின் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும்தான். மின்ட்டுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. அதன் பதிப்புகளில் குறைந்த நினைவகமே போதுமான எக்ஸ்எஃப்சிஇ உங்கள் கணினிக்குப் பொருந்தும்.

மின்ட்டை நிறுவியவுடனேயே ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ், பிடிஎஃப் படிப்பான், ஸ்கேன் செய்யும் செயலி, வீடியோ இயக்கி ஆகியவை உடன் வந்துவிடுகின்றன. தனியாக வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. எதையும் மின்ட்டின் மென்பொருள் மேலாளர் வழியாக மட்டுமே நிறுவுங்கள். வேண்டாதவை என்று தோன்றுவனவற்றை நீக்கும் ஆசையும் வேண்டாம். திறக்கப்படாத மென்பொருள் வட்டில் சிறிது இடத்தைப் பிடிக்குமேயன்றி வேகத்தைக் குறைக்காது. ஒன்றை நீக்கப்போய், அதைச் சார்ந்த வேறொன்றும் சேர்ந்து போய்விடுவதுண்டு.

இனி, அந்தப் பெரிய வேலை. பாமினியில் நீங்கள் தட்டியவை கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல; ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்மீது தமிழ் வடிவங்கள் போர்த்தப்பட்டிருக்கின்றன. 'அம்மா' என்று நீங்கள் எழுதிய சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். பாமினி எழுத்துருக் கோப்பை மின்ட்டிலும் நிறுவிக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் அப்போதும் 'கீழவளவு' என்று தேடினால் கோப்பு அகப்படாது, மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவருக்குப் புரியாது. ஆகவே குறிப்புகள் அனைத்தையும், எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடு என்னும் குறியீட்டு முறைக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு உதவும் என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் இயங்குவது என்பதால், பழைய அமைப்பு இருக்கும்போதே இதை முடித்துவிடுவது எளிது. மூலக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் தொடாமல் வைத்துக்கொண்டு, நகல்களை மட்டும் மாற்றுங்கள். கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொற்களோ ஆய்விதழ்களின் பெயர்களோ இருந்தால், அந்தக் கன்வெர்ட்டர் அவற்றையும் பாமினியாகக் கருதிப் பொருளற்ற தமிழாக்கிவிடக்கூடும். அடிக்குறிப்புகளில் இது மிகுதியாக நேரும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்காமல் விட வேண்டாம்.

நிறுவ வேண்டிய அந்த ஒன்று, தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ் எம்17என். பாமினியில் பழகிய விரல்களுக்கு மிக நெருக்கமான ரெங்கநாதன் விசைமுறை அதிலேயே இருக்கிறது. தட்டச்சுப்பொறி முறையும் உண்டு. ஆயினும், நாள்தோறும் எழுதுபவராகிய நீங்கள் தமிழ்99-ஐக் கற்றுக்கொள்வது நல்லது என்பேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான இம்முறையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளுக்குள் 247 எழுத்துகளும் அடங்குகின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும் என்பதால் கைக்கு வேலை குறையும். பிராமி எழுத்துகளையும் கட்டுரையில் காட்ட விரும்பினால் நோட்டோ சான்ஸ் பிராமி எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது படமாக ஒட்டிவரும் எழுத்துகளை நேராகவே எழுதிவிடலாம்.

மதுரையில் அச்சகத்துக்குக் கொடுக்கும்போது பாமினிதான் வேண்டும் என்று கேட்டால், லிப்ரே ஆபிஸிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து கொடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்திருப்பதால் அச்சில் வடிவம் மாறாது. அவர்களே பக்கம் அமைப்பதாக இருந்தால் மட்டும் யூனிகோடிலிருந்து பாமினிக்குத் திருப்பித் தர நேரலாம்.

மற்றொன்று: மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வட்டில் எதையும் மாற்றாமல் உங்கள் அச்சுப்பொறியும் ஒலியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நம் பகுதிக் கடைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி 2900 போன்ற பழைய அச்சுப்பொறிகளை லினக்ஸில் இணைப்பது எளிதன்று. மின்ட்டுடன் வரும் டைம்ஷிஃப்ட் என்னும் காப்புச் செயலி, இயக்க அமைப்பை மட்டுமே இயல்பாகக் காப்பெடுக்கும். கட்டுரைகளை நீங்களே வெளி வட்டில் படியெடுத்துவர வேண்டும்.

கேள்வி: மதுரையில் கடை நடத்துகிறேன். கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது. நானும் லினக்ஸுக்கு மாறலாமா?
- வாசகர், சிம்மக்கல்

பதில்: கடைக் கணினியில் வேண்டாம். டேலி பிரைம் விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் போன்ற இடைமென்பொருள்களை நம்பி வரவுசெலவுக் கணக்கை வைப்பது நல்லதல்ல. விண்டோஸ் 11 ஏற்கும் கணினியில் டேலியை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் பழைய கணினியை மின்ட்டுக்கு மாற்றுங்கள்.