சி மொழியில் விருப்ப அடைப்புக்குறிகளை ஃபார்மேட்டர் எப்படிக் கையாள வேண்டும்?

சி மொழியில் 'இஃப்' நிபந்தனையின் கீழ் ஒரே ஒரு கட்டளை இருந்தால், அதைச் சுற்றி நெளிவு அடைப்புக்குறி கட்டாயமில்லை. நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் ஃபார்மேட்டர், விடுபட்ட இடத்தில் அதைச் சேர்க்க வேண்டும். இருப்பதை நீக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றைத் தாளுக்கு உறை எதற்கு என்று தோன்றும். அடுத்த தாள் சேரும்போதுதான் அது வெளியே விழும். 2014இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் வெளிப்பட்ட பிழை அப்படிப்பட்டது. வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்லும் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரி நிபந்தனைக்குள் இருப்பதுபோல் உள்தள்ளி நின்றது. ஆனால் அடைப்பு இல்லாததால் நிபந்தனை எதுவாக இருந்தாலும் இயங்கி, கையொப்பச் சரிபார்ப்பையே தாண்டிச் சென்றது.

சி நிரலுக்கான ஃபார்மேட்டர்களில் ஒன்றான கிளாங்-ஃபார்மட்டில் 15ஆம் பதிப்பு முதல் அடைப்பைச் சேர்க்கும் வசதி உண்டு. அதை நாமே இயக்கிவிட வேண்டும்.

அடைப்பு கூடினால் நிரல் மெதுவாகும் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒற்றைக் கட்டளையைச் சுற்றி அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குப் பொருள் ஒன்றுதான்.