கொசு மருந்து முன்பு போல ஏன் வேலை செய்வதில்லை?

முன்பு கொசுவைக் கொன்ற அதே அளவு மருந்து இப்போது கொல்லாமல் போவதைத்தான் பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன் என்கிறோம். காரணம் மரபணு. டிடிடியும், கொசுவலையில் தோய்க்கும் பைரெத்ராய்டு மருந்துகளும் கொசுவின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலில் ஒட்டிக்கொண்டு அதை மூடவிடாமல் செய்யும், கொசு கால்களை உதறித் துடித்து விழும். பிறவியிலேயே அந்த வாசல் லேசாக மாறியிருக்கும் கொசுவிடம் மருந்து சரியாக ஒட்டாது. பூட்டின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறினாலே பழைய சாவி திரும்பாதே, அப்படித்தான். சரி, அப்புறம்? மற்றவை செத்துப்போக, தப்பியவை முட்டையிட்டுப் பெருகும். இந்தியாவில் 1953-இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டிடிடி அடிக்கத் தொடங்கினார்கள், 1950-களின் இறுதியிலேயே எதிர்ப்புத்திறன் தென்பட்டுவிட்டது.

பலரும் 'கொசு மருந்துக்குப் பழகிவிட்டது' என்கிறார்கள். அப்படியில்லை, ஏற்கெனவே தாங்கும் மரபணுவோடு பிறந்தவற்றின் வாரிசுகள்தான் இப்போது பெருகியிருக்கின்றன.