சான்றிதழ் இல்லாத கொக்கு

கேள்வி: என் மகள் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறாள். சனிக்கிழமை விடிந்தால் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலத்துக்குப் போய்விடுகிறாள். இரவில் கொக்கும் தாழைக்கோழியும் வரைகிறாள். ஆய்வே கதியென்று கிடந்தவர்கள்தானே பெரிய ஆட்களாக வந்தார்கள்? இந்த விளையாட்டெல்லாம் தேவையா? அத்தாட்சிக்கு ஒரு படத்தின் போட்டோக் கொப்பியும் இதோடு வைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: ஐயா, கடிதத்தின் பின்பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் வீணைக்கு ஐந்தாம் தரம் சித்தியடைந்தவள், சான்றிதழ் ஹோலில் மாட்டியிருக்கிறது என்று. உயர்தரம் படிக்கிற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டோவில் ஏற்றி வீணை வகுப்புக்கு அனுப்பியபோது, ‘இது தேவையா’ என்று நீங்கள் கேட்கவில்லை. கொக்குக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. உங்கள் பிரச்சினை அதுதான்.

ஆய்வே கதியென்று கிடந்த பெரிய ஆட்கள் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படிக் கிடக்காத ஒருவரை நான் சொல்கிறேன். 1877இல் இதே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. லண்டனில் பாறைகளைப் பற்றிப் படித்து வந்து, 1903இலிருந்து இலங்கைக் கனிம அளவைக்கு, அதாவது எங்கே என்ன கனிமம் என்று தேடும் அரசாங்க வேலைக்கு, தலைவராக இருந்தார். தோரியனைட் என்ற கனிமத்தை உலகம் அறிந்ததில் அவருக்கும் பங்குண்டு. அரசாங்கம் அவரைக் கண்டிப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பியது கல் பார்க்க. மனிதர் கல்லையும் பார்த்தார், தட்டாரையும் நெசவாளரையும் சித்திரக்காரரையும் பார்த்துக் குறிப்பெழுதினார். மனைவி எதெல் படம் பிடித்தார். அதெல்லாம் சேர்ந்து 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரும் புத்தகமாயிற்று. இங்கிலாந்தில் தன் வீட்டோடு இருந்த கையச்சு இயந்திரத்தில் அச்சிட்டது வெறும் 425 பிரதி. சம்பளம் கல்லுக்கு, பெயர் கலைக்கு.

‘அதுதானே என் பயம், கலை ஆளையே கொண்டுபோய்விட்டதே’ என்பீர்கள். உண்மைதான். அவர் பாறைகளிடம் திரும்பவேயில்லை, 1917இல் பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். அப்படியும் நடக்கும். ஆனால் எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 7ஆம், 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதே கையால் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சில் நாடகம் எழுதினார், பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். தமிழ்த்துறையை விட்டு அவர் எங்கும் ஓடவில்லை.

கொக்கு வரைவதால் ஆய்வுக்கூடத்தில் மூளை சுறுசுறுப்பாகும் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொன்னால் கொக்கையும் ஒரு ரியூஷன் வகுப்பாக்கிவிடுவீர்கள். ஆய்வேடு பிந்துகிறதா என்று கேட்க மேற்பார்வையாளர் இருக்கிறார். அவர் குறை சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஆறு நாள் உழைத்தவள் ஏழாம் நாள் சேற்றில் நிற்கிறாள். நிற்கட்டுமே.

குற்றச்சாட்டோடு அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அது குருட்டுக்கொக்கு. கரையில் குந்தியிருக்கும்போது சேற்று நிறம். எழும்பிப் பறக்கும்போதுதான் உள்ளே இத்தனை வெள்ளையா என்று தெரியும். உங்கள் மகள் வரைந்திருப்பது அந்த நடு நொடியை: ஒரு சிறகு விரிந்துவிட்டது, மற்றது இன்னும் மண்ணிறம், கால் நீரை விடவில்லை. இதைப் பிடிக்க எத்தனை சனிக்கிழமை போயிருக்குமோ!

படத்தை இதழில் போட ஆசை. போட்டோக் கொப்பி உதவாது, மூலப்படம் வேண்டும். சம்மதத்தை வரைந்தவரே எழுதி அனுப்பட்டும். உங்கள் கையெழுத்து செல்லாது.