சர்வரை மூடினாலும் கேம் ஓட வேண்டும் என்று சட்டம் வந்தால் விலை கூடுமா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். நிறுவனம் கைவிட்ட பிறகும் வீடியோ கேம்களை விளையாடும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியில் (ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டம் கேட்டுக் குடிமக்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனு) 2025-இல் கையெழுத்திட்டேன். கேம் தயாரிப்புத் துறையில் வேலை பார்க்கும் என் நண்பரோ, அப்படி ஒரு சட்டம் வந்தால் விலை ஏறும், சிறிய நிறுவனங்கள் ஆன்லைன் கேம் தயாரிப்பதையே விட்டுவிடும், நஷ்டம் உங்களுக்குத்தான் என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. ஆனால் எனக்கு அச்சம் தருவது அவர் சொல்லாத ஒரு விளைவு.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமில், தனி ஆளாக ஓட்டும் பகுதிக்கும் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருடன் இணைப்பு கட்டாயமாக இருந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டதும், முழு விலை கொடுத்து வட்டு வாங்கியவர்களுக்கும் அந்த கேம் இல்லாமல் போனது. யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கமும், நீங்கள் கையெழுத்திட்ட மனுவும் இதைத் தொடர்ந்து வந்தவையே.

அந்த மனு, சர்வர்களை என்றென்றும் நடத்தச் சொல்லவில்லை; நிறுத்திய பின் நிறுவனம் பணமோ ஆளோ ஒதுக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. எனினும், சர்வர் மென்பொருளில் பிற நிறுவனங்களிடம் உரிமம் பெற்ற பகுதிகள் இருப்பது வழக்கம் என்பதாலும், அவற்றை அப்படியே பொதுமக்களிடம் கொடுக்க முடியாது என்பதாலும், ஏற்கெனவே முடிந்த ஒரு கேமைப் பிரித்துத் திருத்துவது செலவு பிடிக்கும் வேலைதான். சட்டம் இனி வரும் கேம்களுக்கு மட்டும் பொருந்துமானால், தொடக்கத்திலேயே அதற்கேற்ப வடிவமைக்கலாம். அப்போது செலவு பெருமளவு குறையும். 'நாக்அவுட் சிட்டி' கேமை 2023 ஜூனில் மூடியபோது, அதைத் தயாரித்த வேலன் ஸ்டூடியோஸ், கணினியில் விளையாடுவோர் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடியும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

விளையாடுவோர் தாங்களே நடத்தும் தனியார் சர்வர்களில் வசவையும் சட்டவிரோதப் பதிவுகளையும் நீக்க ஆள் இருக்காது, பழியோ கேமின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் மீது விழும் என்று வீடியோ கேம்ஸ் யூரோப் என்ற தொழில் அமைப்பு 2025-இல் ஆட்சேபித்தது. பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாக எழுதாவிட்டால் இந்த ஆட்சேபம் நிற்கும்.

இனி என் அச்சத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம், டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்பவர், கொடுப்பது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. 'வாங்குங்கள்' என்ற பொத்தான் போகவில்லை, பக்கத்தில் ஒரு வரி கூடியது. வாங்கியவரின் உரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைவிட முக்கியமாக, சந்தாக் காலத்துக்கு மட்டும் கிடைப்பவற்றுக்கும் இலவசமாகத் தருபவற்றுக்கும் அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஐரோப்பியச் சட்டமும் விற்பனையை மட்டும் கட்டுப்படுத்தி, சந்தாவைத் தொடாமல் விட்டால், நிறுவனங்கள் விற்பதை நிறுத்திவிட்டு மாதக் கட்டணத்துக்குக் கேம் கொடுக்கத் தொடங்கும். அங்கே எதையும் நாம் வாங்குவதில்லை; ஆகவே எதையும் நமக்கு விட்டுச்செல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு விதித்த ஊர்களில் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாகிவிடுவதுண்டு. இதுவும் அந்த வகைதான்.

கையெழுத்திட்டதற்காக வருந்த வேண்டாம். கேமுக்குள் தனியாக விற்கப்படும் பொருள்களையும் அந்த மனு சேர்த்தே பேசுகிறது என்பதால், இலவசக் கேம்கள் முற்றிலும் தப்பிவிடா. சட்ட வரைவு வந்தால், சந்தா பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதுவரை, கேம் வாங்கிய அன்றே ஒருமுறை திறந்து மூடிவிட்டு, வைஃபையை அணைத்து மறுபடி திறந்து பாருங்கள். முதன்மைப் பட்டியோடு (மெனு) நின்றுவிட்டால், அது சர்வர் உள்ளவரைதான் உங்களுடையது. கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.