ரூம் ஒண்ணு, கையெழுத்து நாலு, பில்லு யாருக்கு?

லீவு முடிஞ்சு திரும்பினவங்க கிட்டேருந்து வந்த கேள்விகள்தான் இந்த தடவை. சேர்ந்து ரிசார்ட்ல தங்கினோம், சந்தோஷமா இருந்தோம், கடைசி நாள் பில்லுல மனஸ்தாபம் ஆயிடுச்சுன்னு ஆளாளுக்கு எழுதியிருக்கீங்க. நான் ரிசப்ஷன் கவுன்ட்டருக்கு உள்பக்கம் பல வருஷம் நின்னவ, அதனால அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்லியே பதில் எழுதறேன்.

கேள்வி: என் பேர்ல, என் கார்டு கொடுத்து புக் பண்ணினேன் அக்கா. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், 3 ராத்திரி. வாடகையை முன்னாடியே பிரிச்சுக்கிட்டோம். ஆனா செக்-அவுட் அன்னைக்கு ஸ்பா, ரூம் சர்வீஸ், நீச்சல்குளத்து பார்னு வாடகையில பாதி அளவுக்கு தனியா ஒரு தொகை நின்னுச்சு. "நாங்க அவ்வளவெல்லாம் செலவு பண்ணலையே"ன்னு மூணு பேரும் சொல்லிட்டாங்க, நான்தான் கட்டினேன். பேங்க்ல புகார் கொடுத்தா பணம் திரும்ப வருமா?

பதில்: வராதுன்னே வச்சுக்கங்கம்மா. செக்-இன் பண்றப்போ ஒரு சீட்டு நீட்டுவாங்க இல்ல, பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு கீழ கையெழுத்து போடுவோமே, பெரும்பாலான இடங்கள்ல அந்த சீட்டுலயே ரூம் கணக்குல ஏறுற செலவுக்கெல்லாம் நான் பொறுப்புன்னு ஒரு வரி இருக்கும். உங்களோட தங்கினவங்க நிஜமாவே வாங்கின பொருளுக்கு பேங்க்காரங்க மோசடின்னு ஒத்துக்க மாட்டாங்க. நீங்க நாலு பேருமே வாங்காத ஐட்டம் ஏதாவது பில்லுல இருந்தா, அதுக்கு மட்டும் சண்டை போடலாம், போடவும் வேணும்.

அதுக்கு ரிசார்ட்டுக்கு மெயில் போட்டு மொத்த பில்லு மட்டும் இல்லாம ஒவ்வொரு ஐட்டமும் எந்தக் கவுன்ட்டர்ல, எந்த நேரத்துல, யார் கையெழுத்துலன்னு சீட்டோட காப்பி கேளுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஒரு நாள் காலையில இதே மாதிரி ஒரு க்ரூப் என் கவுன்ட்டர் முன்னாடி நின்னு ஒருத்தரை ஒருத்தர் பாக்காம தரையைப் பாத்துட்டு இருந்தாங்க, நான் உள்ள போய் சீட்டுக்கட்டை எடுத்துட்டு வந்து ஒண்ணொண்ணா மேஜைமேல வச்சேன். குளத்தங்கரையிலேருந்து வந்த ஒரு சீட்டு ஈரத்துல நனைஞ்சு காஞ்சு முறுக்கிக்கிட்டு இருந்துச்சு, இங்க் பரவி ரூம் நம்பர்ல கடைசி எழுத்து 3-ஆ 8-ஆன்னே தெரியல. எங்க ஆளு 3-னு அடிச்சிருக்கான். பேரைப் பாத்தா வேற ரூம்காரங்க. தப்பு எங்க மேல, நான் மன்னிப்பு கேட்டு அதை எடுத்துட்டேன், ஆனா அதுக்குள்ள அந்த க்ரூப்ல ஒரு பொண்ணை மத்த எல்லாரும் சந்தேகமா பாத்தாச்சு, அவ முகம் இன்னும் எனக்கு மறக்கல. அதனால ஃப்ரெண்டு மேல கோபப்படறதுக்கு முன்னாடி சீட்டைப் பாருங்க, ப்ளீஸ்.

அடுத்த தடவை போறப்போ செக்-இன் கவுன்ட்டர்லயே இதை முடிச்சிடுங்க. ரூம் கணக்குக்கு ஹோட்டல் பாஷையில ஃபோலியோன்னு பேரு. ஒரே ரூமுக்கு ஒண்ணுக்கு மேல ஃபோலியோ திறக்க முடியும். நிறைய ஹோட்டல்ல ஓடற ஓபரான்னு ஒரு சாஃப்ட்வேர், அதுல ஒரே ரிசர்வேஷனுக்கு பல பில்லா தனித்தனியா பிரிச்சு வைக்கலாம். "வாடகையும் டாக்ஸும் என் கார்டுல, மத்த செலவு ஆளுக்கு ஒரு பில்லு, அவங்கவங்க கார்டு இப்பவே வாங்கிக்கங்க"ன்னு சொன்னா போதும், ஒரு அஞ்சு நிமிஷ வேலை. எங்களுக்கும் கடைசி நாள் கவுன்ட்டர்ல பஞ்சாயத்து இல்லாம இருந்தா நிம்மதிதான், யாரும் முகம் சுளிக்க மாட்டோம். கூட தங்கறவங்க பேரையும் ரிசர்வேஷன்ல சேர்க்கச் சொல்லுங்க, பேரே இல்லாத ஆளுக்கு தனி பில்லு போடறது கஷ்டம். அதுவும் வேண்டாம்னா "இந்த ரூமுக்கு எதையும் ஏத்தாதீங்க"ன்னு சொல்லிடலாம், நோ போஸ்ட்னு அதுக்கு சிஸ்டத்துலயே குறிப்பு இருக்கு, அப்புறம் எங்க வாங்கினாலும் அங்கேயே காசு கொடுத்துட்டு போகணும்.

மூணு பேரும் பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கல. பொதுக் கணக்குன்னு ஆனாலே எல்லாருக்கும் கை கொஞ்சம் தாராளமாயிடும். 2004ல எகனாமிக் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ரெஸ்டாரன்ட்ல தனித்தனியா கட்டினவங்களை விட பில்லை சமமா பிரிச்சுக்கிட்டவங்க அதிகமா ஆர்டர் பண்ணினாங்கன்னு. காசு கையிலேருந்து போகாம கையெழுத்து மட்டும் போடற இடத்துல செலவு பண்றோம்ங்கற நினைப்பே வராது.

கேள்வி: செக்-இன்ல என் டெபிட் கார்டைத் தேய்ச்சாங்க. கடைசியில எல்லாரும் அவங்கவங்க பங்கை வேற கார்டுல கட்டிட்டாங்க, பில்லு பாக்கி இல்ல. ஆனா என் அக்கவுன்ட்ல இன்னும் ஒரு பெரிய தொகை குறைஞ்சே இருக்கு. ரெண்டு தடவை எடுத்துட்டாங்களா மேடம்?

பதில்: எடுக்கல, பிடிச்சு வச்சிருக்காங்க. முதல் நாள் தேய்ச்சது வாடகைக்கும் மேல்செலவுக்கும் சேர்த்து ஒரு உத்தரவாதம், அதை ஹோல்டுன்னு சொல்லுவோம். க்ரெடிட் கார்டா இருந்தா லிமிட் மட்டும்தான் குறையும், டெபிட் கார்டுல உங்க சொந்தக் காசே முடங்கிடும். நீங்க அதே கார்டுல கட்டியிருந்தா ஹோல்டு அதோட நேர் ஆகியிருக்கும். வேற கார்டுல கட்டினதால முதல் ஹோல்டை ஹோட்டல் தனியா ரிலீஸ் பண்ணணும், பண்ணாம விட்டா பேங்க்ல அதுவா காலாவதி ஆகற வரைக்கும் நிக்கும், சில நாள்ல வந்துடலாம், ஒரு வாரம் பத்து நாளும் ஆகலாம், பேங்க்கைப் பொறுத்தது. ரிசார்ட்டுக்கு ஃபோன் பண்ணி ரிலீஸ் அனுப்பிட்டாங்களான்னு கேட்டு, அந்த ஹோல்டோட ஆத்தரைசேஷன் கோடை, அதாவது அதுக்கு பேங்க் கொடுத்த அனுமதி எண்ணை, வாங்கி பேங்க்ல கொடுங்க, கோடு இருந்தா அவங்க தேடறது சுலபம். இனிமே சேர்ந்து தங்கறப்போ க்ரெடிட் கார்டு இருக்கறவங்களை முன்னாடி நிறுத்துங்க.

கேள்வி: நாங்க ரெண்டு ஜோடி, கூட என் நாத்தனார் தனியா. மூணு பெட்ரூம் வில்லா எடுத்தோம். ஒண்ணுல பால்கனியும் பெரிய பாத்ரூமும், ஒண்ணு ரொம்பச் சின்னது. தலைக்கு இவ்வளவுன்னு பிரிக்கறதா, ரூமுக்கு இவ்வளவுன்னு பிரிக்கறதா?

பதில்: எந்தச் செலவு எப்படி ஏறுதோ அப்படியே பிரிங்க. வாடகை, ரிசார்ட் வசதிகளுக்குன்னு தனியா போடற ரிசார்ட் ஃபீ எல்லாம் பொதுவா ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஏறும், எக்ஸ்ட்ரா பெட், காலை டிபன் மாதிரி சிலது தலைக்கு ஏறும். தலைக்கு ஏறினதை தலைக்கு, இடத்துக்கு ஏறினதை இடத்துக்கு. எல்லாத்தையும் அஞ்சா வகுத்தா நாத்தனாருக்கு லாபம் மாதிரி தெரியும், மூணா வகுத்தா அவங்க சின்ன ரூமுக்கு உங்க பால்கனி ரூமுக்கு சமமா கட்டுவாங்க, அது நியாயமே இல்ல.

ரூம் ஏத்தத்தாழ்வுக்கு ஒரு வழி சொல்றேன். ரெண்டே ரூம்னா ஒருத்தர் ரெண்டுக்கும் விலை போடணும், கூட்டினா மொத்த வாடகை வரணும், எந்த ரூம் வேணும்னு இன்னொருத்தர் எடுத்துக்கணும். விலை போடறவங்க தானா நேர்மையா போடுவாங்க, ஏன்னா எது மிஞ்சும்னு அவங்களுக்குத் தெரியாது. மூணு ரூமுக்கும் இது சாத்தியம், ஆளுக்கு ஒரு ரூம் பிடிச்ச மாதிரி அமையற விலை ஒண்ணு இருந்தே தீரும்னு ஃபிரான்சிஸ் சூங்கற கணித ஆய்வாளர் 1999ல எழுதியிருக்கார். நீங்க கணக்கெல்லாம் போட வேண்டாம். சின்ன ரூமுக்கு விலையைக் குறைச்சுக்கிட்டே, குறைச்சதை பால்கனி ரூம் மேல ஏத்திக்கிட்டே வாங்க, "அப்போ எனக்கு அந்த சின்ன ரூமே போதும்"னு யாராவது மனசார சொல்ற இடத்துல நிறுத்துங்க. நாத்தனாரை முதல்ல பேச விடுங்க, தனியா வர்றவங்க பெரும்பாலும் "எதுவா இருந்தாலும் சரி"ன்னு ஒதுங்கிடுவாங்க.

கேள்வி: அண்ணன் பசங்களையும் கூட்டிட்டுப் போறோம், 13ம் 15ம். கையில கட்டற பேண்டைத் தட்டினா ரூம் கணக்குல ஏறிடுமாமே, பயமா இருக்கு.

பதில்: ஆமா, ஏறும். அமெரிக்காவுல இருக்கற வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ரிசார்ட்ல 2013ல மேஜிக்பேண்டுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, கதவைத் திறக்கறதும் பொருள் வாங்கறதும் ஒரே பட்டையில. இப்போ வேற ரிசார்ட், கப்பல்னு இந்த மாதிரி பேண்டோ கார்டோ நிறைய இடத்துல இருக்கு. செலவு பண்ற வசதியை ஆளுக்கு ஆள் தனியா ஆன் ஆஃப் பண்ண முடியுமான்னு செக்-இன்லயே கேளுங்க, பசங்களோடது கதவுக்கு மட்டும் வேலை செஞ்சா போதும். பின் நம்பர் வைக்கற இடமா இருந்தா அதைப் பசங்க கிட்ட சொல்லாதீங்க. அண்ணன் கிட்டயும் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, பசங்க முன்னாடி அங்க வச்சு பேசினா பாவம் அதுங்க கூசிப் போயிடும்.

கேள்வி: கடைசி நேரத்துல ஒருத்தி வரல. அவ பங்கை கேக்கலாமா?

பதில்: வாடகை ரத்து பண்ண முடியாத ரேட்டா இருந்தா கேக்கலாம், அவ இல்லாததால அது குறையாது. தலைக்கு ஏறுற எதையும் கேக்காதீங்க. அவ ஏன் வரலைன்னும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு கேளுங்க.

கேள்வி: விடியக்காலையிலயே கிளம்பணும், பில்லைப் பாக்க நேரம் இருக்காது. என்ன பண்றது?

பதில்: முந்தின ராத்திரியே கவுன்ட்டர்ல போய் அதுவரைக்கும் ஏறினதை பிரின்ட் கேளுங்க, கொடுப்பாங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து, பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் யாரோடதுன்னு முதல் எழுத்தைப் போடுங்க. மினிபாரை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க, சில இடத்துல சென்சார் வச்சிருக்காங்க, பாட்டிலை எடுத்துட்டு திரும்ப வச்சாலே பில்லு ஏறிடும், ஏறியிருந்தா அப்பவே சொல்லி நீக்கிக்கலாம். வெளிநாடா இருந்து, மிஷின்ல உங்க ஊர் பணத்துல கட்டறீங்களான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி அந்த ஊர் பணத்துலயே கட்டுங்க, மாத்தற ரேட் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். கிளம்பின பிறகும் ஒண்ணு ரெண்டு ஐட்டம் லேட்டா ஏறலாம், அதனால கடைசி பில்லு மெயில்ல வந்து நீங்க சரிபாக்கற வரைக்கும் க்ரூப்ல கணக்கை முடிச்சாச்சுன்னு போடாதீங்க.