‘டொக் டொக்’ சத்தத்துக்கு 26,500 ரூபாயா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் சின்ன ஹேட்ச்பேக், 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஸ்பீட் பிரேக்கரிலும் குண்டும் குழியுமான தெருவிலும் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம். ஒர்க் ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “சஸ்பென்ஷன் மொத்தமா போச்சு சார்” என்றார்கள். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராடு, மவுண்டிங் எல்லாம் சேர்த்து 26,500 ரூபாய்க்கு எஸ்டிமேட். இவ்வளவும் தேவையா? (கரூர் வாசகர்)

பதில்: தேவைப்படலாம். ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கிக்கூடப் பார்க்காமல் எழுதிய எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டாதீர்கள். எனக்கும் ஒருமுறை இப்படித்தான். முன் ஷாக் இரண்டையும் மாற்றிக்கொண்டு திரும்பினேன்; எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் அதே ‘டொக்’ வரவேற்றது. போயிருந்தது லிங்க் ராடு: வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்ன ராடு. முன் சஸ்பென்ஷனில் விலை குறைந்த உருப்படிகளில் அதுவும் ஒன்று.

அதனால் வரிசையை மாற்றுங்கள். மலிவானதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் லொடலொடவென்று கேட்டால் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டினால் போதும். சத்தம் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டாயிற்று. அரை மணி நேர வேலைதான். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அப்புறம் பால் ஜாயிண்ட்: சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு. வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால், நீங்கள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதியுங்கள். மிதித்ததும் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 3, 9 மணி இடங்களில் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு, ரேக் எண்டு பக்கம் பார்க்க வேண்டும். மற்றதை மாதச் சம்பளம் வரும்வரை தள்ளிப்போடலாம், ஆடுகிற பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு, ரேக் எண்டு, வீல் பேரிங் எதையும் தள்ளிப்போடக் கூடாது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிக்கொண்டு வண்டி மூக்கால் ரோட்டைத் தேய்க்கும்.

பிரேக் அடிக்கும்போதும் வண்டியை நகர்த்தும்போதும் ‘தொம்’ என்று ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது ஆர்மை வண்டியோடு மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்ப்ரிங் ‘டொங்’ என்று துள்ளினால் ஷாக்கின் மேல்முனையில் இருக்கும் மவுண்டிங், பேரிங். ஷாக் மீது லேசான எண்ணெய்ப் பசை இருப்பது பெரிய விஷயமில்லை. எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பிப் பட்டையாகக் கிடந்தால் ஷாக் போய்விட்டது. ஷாக் மாற்றினால் இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். எப்படியும் கழற்றுவதால், நைந்த மவுண்டிங்கையும் அப்போதே மாற்றினால் இரண்டாவது லேபர் மிச்சம். லோயர் ஆர்முக்கு இந்த ஜோடிக் கணக்கு கிடையாது. போன பக்கம் மட்டும் மாற்றினாலும் தப்பில்லை.

புஷ் விஷயத்தில் ஒன்றைக் கண்ணால் பாருங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக டைட் பண்ணினால், வண்டியைக் கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி டைட். “புது புஷ் போட்டு ஆறு மாசம்கூட ஆகலை” என்று புலம்புகிறவர்களில் பலருடைய கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய சாமான் வாங்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். சென்னை புதுப்பேட்டையில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மாதிரி முழு இரும்புச் சாமானைப் பார்த்து வாங்கலாம். ஷாக்கும் பால் ஜாயிண்ட்டும் வேண்டாம். எல்லா வேலையும் முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங்கை அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் இறக்கியதில் லோயர் ஆர்ம் வளைந்துவிட்டது. இன்ஷூரன்ஸில் கேட்கலாமா? வண்டிக்கு ஆறு வயது, நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் இருக்கிறது. (வேளச்சேரி வாசகி)

பதில்: உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த முழு பாலிசி இருந்தால் கேட்கலாம். தேய்மானத்துக்குக் கிடையாது, பள்ளத்தில் விழுந்து அடிபட்டதற்கு உண்டு. ஆனால் முதலில் ஒரு பேனாவை எடுங்கள். இரும்புச் சாமான் 10,000, லேபர் 3,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயது வண்டிக்கு இரும்புச் சாமானில் 40 சதவீதம் கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக் என்றால் 50. கட்டாயப் பிடித்தம் 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய். ஆக, கையில் வருவது சுமார் 8,000.

இனி போவதைப் பாருங்கள். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அடுத்த வருஷம் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-க்கு வரும். வண்டியின் சொந்த சேதத்துக்கான பிரீமியம் வருஷம் 7,000 என்றால், இந்த ஐந்து வருஷத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 8,750. பிரீமியம் வருஷா வருஷம் கொஞ்சம் குறையும், அதனால் இது உத்தேசக் கணக்குதான். இருந்தாலும் கைக்காசில் முடிப்பதே மேல். ஸ்டீயரிங் ரேக், ரிம் எல்லாம் போய் பில் 40,000-ஐத் தொட்டால் கணக்கு மாறிவிடும், அப்போது யோசிக்காமல் கேளுங்கள்.

வளைந்த ஆர்மை நெருப்பில் காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பேர் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 1,180 ரூபாய். பில்லில் அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா? (மதுரை வாசகர்)

பதில்: சரியில்லை. எம்.ஆர்.பி.யிலேயே வரி அடக்கம். பில்லில் 1,000 + 180 என்று பிரித்து எழுதலாம், மொத்தம் 1,180-ஐத் தாண்டக் கூடாது. லேபருக்குத் தனியாக 18 சதவீதம் போடுவது சரிதான், பில்லில் அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண் இருந்தால். பாக்கெட்டையும் பில்லையும் போட்டோ எடுத்து, கடையில் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது.