மடங்கும் சைடு மிரர்: மாட்டுவதற்கு முன் சுவிட்சைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் எஸ்யூவி நடு வேரியன்ட். சைடு மிரரின் கண்ணாடியைத் திருப்ப மோட்டார் இருக்கிறது. மடக்குவது மட்டும் கையால்தான். டாப் வேரியன்ட்டின் மிரரையும் சுவிட்சையும் வாங்கி மாட்டினால் போதுமா?

சில வண்டிகளில் போதும், சிலவற்றில் போதாது. மிரர் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளலாம். இப்போதுள்ள சுவிட்சைக் கழற்றி அதன் கப்ளரை, அதாவது வயர்கள் வந்து சேரும் பிளக்கைப் பாருங்கள். ஏழெட்டு வயர் வந்தால், பெரும்பாலும் மோட்டாருக்கான கரன்ட் சுவிட்ச் வழியாகவே போகிறது. இரண்டு மூன்று வயர்தான் என்றால் சுவிட்ச் வெறும் சிக்னலை அனுப்புகிறது. மோட்டாரை ஓட்டுவது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி. அந்த மாட்யூலில் மடக்கும் வசதியைத் திறந்துவிட வேண்டும், ஸ்கேனர் உள்ள ஆள் தேவை. அதில் வழியில்லை என்றால் மடக்குவதற்கென்று தனி சுவிட்ச் போட்டுத் தனி வயர் இழுப்பதே நல்லது.

மடக்கும் மோட்டாருக்கு இரண்டே வயர்தான். பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் கொடுத்தால் மடங்கும், மாற்றிக் கொடுத்தால் விரியும். டொயோட்டா வண்டிகளின் வயரிங் படத்தில் இவை எம்எஃப், எம்ஆர் என்ற பெயரில் இருக்கும். கண்ணாடியைத் திருப்ப மூன்று, இண்டிகேட்டருக்கு இரண்டு என ஐந்து வயர் ஏற்கெனவே இருந்தால், புது மிரரில் ஏழு இருக்கும்.

மிரர் கைக்கு வந்ததும் கதவில் மாட்டாமல் மேசையில் வைத்தே சோதித்துவிடுங்கள். ஃபியூஸ் போட்ட 12 வோல்ட் சப்ளையை அந்த இரண்டு வயருக்கும் கொடுத்து, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வையுங்கள். முழுக்க மடங்கிய நொடியில் கரன்ட் ஏறி, உடனே கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கினால் உள்ளே கட்-ஆஃப், அதாவது கரன்ட்டைத் தானே நிறுத்தும் அமைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மிரருக்கு அழுத்தினால் அழுந்தியே நிற்கும் சுவிட்ச் போடலாம். கரன்ட் இறங்காமலே நின்றாலோ, உள்ளே கடகடவென்று பல் உரசினாலோ அந்தச் சுவிட்ச் கூடவே கூடாது, மோட்டார் எரிந்துவிடும். அப்போது விரலை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் ஆறு முனை சுவிட்ச்தான் சரி. நடு இரண்டு முனைகள் மோட்டாருக்கு, மற்ற நான்கிலும் பிளஸ் மைனஸ் குறுக்காக மாறி வர வேண்டும். இரண்டு மிரர்களையும் இணையாகக் கொடுங்கள். ஒன்று மடங்கும்போது மற்றது விரிந்தால், ஒரு பக்கத்து இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது கதவுக்கும் பில்லருக்கும் (கதவின் கீல் இருக்கும் தூண்) நடுவில் வயர்கள் போகும் ரப்பர் குழாயைப் பற்றித்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வயரை அந்தக் குழாய்க்கு வெளியே கீல் ஓரமாக விடுகிறார்கள். கதவை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது நசுங்கும். ஒரு மழைக்காலம் போனால் ஷார்ட்தான். ஆகவே குழாய்க்குள்ளேயே விடச் சொல்லுங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். குழாய்க்குள் ஜாயின்ட் எதுவும் வரக் கூடாது; கதவு முழுக்கத் திறந்தாலும் வயர் விறைக்காத அளவுக்குத் தளர்வு வேண்டும். பில்லரில் உள்ள கப்ளரில் காலி பின் துளைகள் இருந்தால், அதற்கேற்ற டெர்மினலை வாங்கிச் சொருகுவதே சுத்தமான வேலை.

சப்ளையை ஆக்சஸரி லைனிலிருந்து (வண்டி ஆனில் இருக்கும்போது மட்டும் கரன்ட் வரும் வயர்) எடுங்கள். எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட வேண்டும். மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயரிங், கை வைக்கவே வேண்டாம்.

லாக் செய்ததும் தானாக மடங்க வேண்டுமென்றால் தனி மாட்யூல் கிடைக்கிறது. சென்ட்ரல் லாக் வயரில் வரும் சிக்னல் ஒரு நொடிகூட நிற்காது, மிரர் மடங்க அதைவிட நேரமாகும். வந்த சிக்னலைப் பிடித்துவைத்துச் சில நொடிகள் மோட்டாருக்குக் கரன்ட் கொடுப்பதுதான் அந்த மாட்யூலின் வேலை. வண்டியை ஆஃப் செய்த பிறகும் அது இயங்க வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேரடி சப்ளை, தனி ஃபியூஸோடு கொடுக்க வேண்டும்.